காற்று மெலிந்த ஊரிலும் ஸ்போர்ட்ஸ் கார்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் புறப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டில் ஏறி, வான் ரீனன் கணவாயைக் கடந்து ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேரும் வண்டி, சுமார் 570 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் ஏறியிருக்கும். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் கடல்மட்டத்தில் தந்த சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. சிலிண்டர் இழுக்கும் காற்றின் கன அளவு அதேதான். அதற்குள் இருக்கும் ஆக்சிஜன்தான் குறைவு. ஆகவே எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைந்துவிடுகிறது. டர்போ உள்ள வண்டிகள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகின்றன. டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் வளர்ந்து, வேலைக்காக மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகள் போன சில மாதங்களிலேயே டர்போ வண்டிக்கு மாறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபார்முலா ஒன் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1977இல் டர்போ எஞ்சினோடு களமிறங்கிய ரெனோ, பந்தயத்தின் முதல் வரிசை முதல் இடத்தை முதன்முதலாகப் பிடித்தது 1979இல், ஜோகன்னஸ்பர்க்குக்கு வடக்கே உயரத்தில் கிடக்கும் கியாலாமி ஓடுதளத்தில்தான்.

நான் டர்பனில் வைத்திருப்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோவாட். ஜோகன்னஸ்பர்க் போனால் அது 85ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு கியர் குறைத்தாக வேண்டும். சாதாரணக் குடும்பக் கார்கள்கூட மேட்டில் என்னைக் கடந்து போகும். ஆனால் அங்கே, மனிதகுலத் தொட்டில் என்று அழைக்கப்படும் புதைபடிவப் பகுதியின் சிறிய சாலைகளில் அந்த வண்டியை ஓட்டிய ஞாயிறு காலைகளில் ஒன்றை உறுதியாக உணர்ந்தேன். சக்தியில் ஆறில் ஒரு பங்கு போயிருந்தும், அது ஸ்போர்ட்ஸ் காராக இருப்பதில் ஒரு துளிகூடக் குறையவில்லை. வளைவுக்குள் திரும்பும் விதம், கைக்கு வரும் செய்தி, இடுப்புக்குக் கீழே உணரும் அசைவு எல்லாம் டர்பனில் இருந்தபடியே இருந்தன. சக்திதான் ஸ்போர்ட்ஸ் காரை ஆக்குகிறது என்றால், அன்று அந்த வண்டி ஆறில் ஒரு பங்கு ஸ்போர்ட்ஸ் காராக இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அப்படியானால் அதை ஆக்குவது எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத நினைக்கிறேன். என் அக்கா மகன் புதிதாக ஒரு வண்டி வாங்கும் முடிவில் இருக்கிறான். அவன் கேட்ட கேள்வியும் இதை எழுதத் தூண்டியது. "மாமா, உங்க வண்டியில டர்போகூட இல்லையே, இதை எப்படி ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றீங்க?" என்று கேட்டான். நேர்மையான கேள்வி. ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மச்சான் பெரிய ஜெர்மன் செடான் ஒன்றை வைத்திருக்கிறார். அந்த வகை வண்டிகள் இன்று எட்டியிருக்கும் நிலை வியப்புக்குரியது. புதிய பிஎம்டபிள்யூ எம்5ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 535 கிலோவாட், நான்கு சக்கரங்களுக்கும் உந்துதல், எடை 2,435 கிலோ. அவ்வளவு எடையை அந்த வேகத்தில் வளைவில் திருப்பிக் காட்டுவது பொறியியலாளர்களின் உழைப்புக்குச் சான்று. குடும்பத்தோடு டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போவதற்கு அதைவிடச் சிறந்த வண்டியை நான் நினைத்துப் பார்க்க முடியாது. மச்சான் தம் வண்டியின் சாவியைக் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க மச்சான்" என்று சொல்லும்போதெல்லாம் மகிழ்ச்சியோடுதான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதுவுமே நடப்பதில்லை. 100இலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அது உயிர் பெறுகிற வேகம் நம் நெடுஞ்சாலையின் 120 என்ற வரம்புக்கு அப்பால் வெகு தொலைவில் இருக்கிறது. அந்த வேகத்தைப் பொதுச்சாலையில் தொட்டால் ஓட்டுபவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் 60இலேயே பேசத் தொடங்கிவிடும். இதுவே என் உரைகல்; இதற்கு மேல் சொல்லப்போவதெல்லாம் அது எப்படி நடக்கிறது என்பதன் விளக்கம்தான்.

டர்பனையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் ஆர்103 பழைய சாலையை நெட்டோட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள். 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் மாரத்தான் அந்தச் சாலையை ஒட்டித்தான் ஓடப்படுகிறது. ஹில்கிரெஸ்ட் தாண்டி, போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சாங்கா என்று மலை விளிம்பிலேயே வளைந்து வளைந்து போகும். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பக்கத்தில் விரிந்து கிடக்கும். அங்கே இறக்கத்தில் வருகிற ஒரு வலப்புற வளைவை எடுத்துக்கொள்கிறேன். வேகம் 60தான். பிரேக்கை மெல்ல அழுத்துகிறேன். வண்டியின் பாரம் பின்னாலிருந்து முன்சக்கரங்களின் மேல் வந்து அமர்கிறது. அப்படி அமர்வது பெடலின் அடியில் காலுக்கே தெரிகிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பாரம் வரும் என்பதைப் பாதமே அளந்துகொள்கிறது. பிரேக்கை முழுவதும் விட்டுவிடாமல், விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்குகிறேன். கை திருப்பிய அந்தக் கணத்திலேயே மூக்கு திரும்புகிறது, உடனே ஸ்டீயரிங்கில் ஒரு கனம் சேர்கிறது. அடுத்து, முன்சக்கரங்கள் பிடித்துக்கொண்ட பின், பின்பகுதி மிக இலேசாகச் சுழன்று அவற்றைத் தொடர்ந்து வருவதை முதுகுத்தண்டின் அடி உணர்கிறது. சாலையின் குறுக்கே பழுது பார்த்த தார்ப்பட்டை ஒன்று கிடக்கிறது. அதன் மேல் ஏறும்போது இடக்கையில் ஒரு சிறு துடிப்பு, ஏறி முடித்ததும் அது அடங்கிவிடுகிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு நூல் அளவு தளர்த்தினால் வண்டியின் பாதை உள்பக்கமாகச் சுருங்குகிறது. ஒரு நூல் அளவு கொடுத்தால் விரிகிறது. ஸ்டீயரிங்கைத் தொடாமலே வலதுகால் கொண்டு பாதையை வரையலாம்.

இவ்வளவும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், அடுத்த வளைவில் மாடு நின்றாலும் நிறுத்திவிடக்கூடிய வேகத்தில் நடக்கிறது. அந்தச் சாலையில் மாடு நிற்பதும் அபூர்வமன்று. அதே வளைவில் அதே வேகத்தில் மச்சானின் வண்டியை ஓட்டினால் அது பிழையின்றிப் போகும். வளைவு ஒன்று இருந்ததாகவே தோன்றாது.

கைக்கு வரும் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகுதான், நல்ல ஸ்டீயரிங்கை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கினேன். சக்கரம் திரும்பும்போது, டயரில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை சக்கரத்தின் நடுவில் இல்லாமல் சற்றே பின்தள்ளிச் செயல்படுகிறது. அதனால் சக்கரம் தானாக நேராக முயல்கிறது. அந்த முயற்சியைத்தான் கை கனமாக உணர்கிறது. டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது, தரையைத் தொடும் பகுதியின் பின்பாதி முதலில் வழுக்கத் தொடங்குகிறது. விசையின் மையம் முன்னோக்கி நகர்கிறது. கையில் உணர்ந்த கனம் குறைகிறது. கவனியுங்கள், பிடிமானம் முடிவதற்கு முன்பே கனம் குறைந்துவிடுகிறது. அதாவது டயர், தான் வழுக்கப்போவதை வழுக்குவதற்கு முன்பே கைக்குச் சொல்லிவிடுகிறது. மழை நாளில் இதைவிட மதிப்புள்ள செய்தி ஓட்டுபவருக்கு வேறொன்றும் இல்லை. இந்தச் செய்தியைக் கைவரை கொண்டுவருகிற ஸ்டீயரிங் உண்டு, வழியில் தொலைத்துவிடுகிற ஸ்டீயரிங்கும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் மட்டும் உருவாக்கப்பட்ட பிஎம்டபிள்யூ 333i பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3 சீரிஸின் வேக வடிவமான அக்காலத்து எம்3, வலப்புற ஸ்டீயரிங்கோடு தயாரிக்கப்படாததால் நம் நாட்டுக்கு வரவில்லை. அதற்கு ஈடாக, 1985 முதல் 1987 வரை, சிறிய 3 சீரிஸ் உடலுக்குள் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி இங்கே கட்டினார்கள். கட்டியவை 204தான். பெரிய எஞ்சின் உள்ளே அமர்ந்த பிறகு இடம் போதவில்லை. ஆகவே வாங்குபவர் ஏசி வேண்டுமா, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஏசியைத் தேர்ந்தவர்களின் வண்டிகள் ஒரு நன்மையைச் சேர்த்தே பெற்றன: டயருக்கும் கைக்கும் நடுவே எந்த உதவியும் குறுக்கிடவில்லை. நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். ஓடத் தொடங்கினால் சாலையின் ஒவ்வொரு மணலும் தெரியும்.

பவர் ஸ்டீயரிங் இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வண்டியிலேயே ஹைட்ராலிக் உதவி இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் செய்தியைப் பெருமளவு கடத்திவிடும். இன்றைய மின் ஸ்டீயரிங்கில்தான் சிக்கல். மோட்டாரின் உராய்வும் மென்பொருளின் வடிகட்டலும் அதிர்வை அகற்றும் முயற்சியில் செய்தியையும் சேர்த்து அகற்றிவிடுகின்றன. 2011இல் வந்த போர்ஷே 911இல் மின் ஸ்டீயரிங்குக்கு மாறியபோது உலகெங்கும் ஆர்வலர்கள் வருந்தியது பழமைப்பற்றினால் அன்று. கைக்குப் பழகிய தகவல் குறைந்துபோனதால்தான். பின்னர் வந்தவற்றில் இந்தக் குறையைப் பெருமளவு திருத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லோட்டஸ் எலீஸ் என்ற சிறிய ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரோ 2021இல் தயாரிப்பு நிற்கும்வரை எந்த உதவியும் இல்லாத ஸ்டீயரிங்கோடே இருந்தது. உதவியின்றி அப்படி இருக்க முடிந்ததற்குக் காரணம் வண்டி இலேசாக இருந்ததுதான்.

இங்கேதான் நான் எடைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் வேர் எடை. வண்டி கனத்தால் அதைப் பிடித்து நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்கை உள்ளடக்கப் பெரிய ரிம் வேண்டும். வளைவில் தாங்க அகலமான டயர் வேண்டும். அகலமான டயரைத் திருப்ப வலுவான பவர் ஸ்டீயரிங் வேண்டும். சாய்ந்துவிடாமல் இருக்க விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். விறைப்பினால் வரும் உலுக்கலை அடக்க மின்னணு ஷாக் அப்சார்பர் வேண்டும். இத்தனையையும் இழுக்க இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும். ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் எடையைச் சேர்க்கும், ஒவ்வொன்றும் ஓட்டுபவரை டயரிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கும். 1996இல் வந்த முதல் எலீஸ் இந்தச் சுழலை மறுபக்கம் சுற்றிக் காட்டியது. அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிக் கட்டிய அதன் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், 68 கிலோதான். முழு வண்டி சுமார் 725 கிலோ. ஆகவே சாதாரணமான 1.8 லிட்டர் ரோவர் எஞ்சினே போதுமானதாக இருந்தது.

எடை விஷயத்தில் உலகுக்கே பாடம் நடத்தியவர் நம் டர்பன்காரர் என்பதில் எனக்கு அளவற்ற பெருமை உண்டு. கோர்டன் மரே 1946இல் டர்பனில் பிறந்தார், இங்கேதான் இயந்திரப் பொறியியல் படித்தார். லோட்டஸ் செவன் என்ற இலேசான ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் பணமில்லாத இளைஞராக, தாமே ஒரு வண்டியை வடிவமைத்துக் கட்டி, ஐஜிஎம் ஃபோர்டு என்று பெயரிட்டு, 1967இலும் 1968இலும் உள்நாட்டுப் பந்தயங்களில் ஓட்டினார். 1969இல் இங்கிலாந்து போய் பிரபாம் என்ற ஃபார்முலா ஒன் அணியில் சேர்ந்தார். அவர் வடிவமைத்த பிரபாம் வண்டியில்தான் 1974இல் கார்லோஸ் ராய்ட்டமான் கியாலாமியில் வென்றார்; 1983இல் நெல்சன் பிக்கே உலகப் பட்டத்தை உறுதிசெய்ததும் அதே கியாலாமியில், மரேயின் வண்டியில்தான்.

அவர் 1992இல் உலகுக்குக் காட்டிய மெக்லாரன் எஃப்1ஐ வேகத்தின் சின்னமாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1998இல் அது மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டதும் உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் பெருமை எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. 6.1 லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், 461 கிலோவாட், ஆனால் எடை 1,138 கிலோதான். பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்குக்கு உதவி இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. ஓட்டுபவர் வண்டியின் நடுக்கோட்டிலேயே அமர்கிறார். இடவளைவும் வலவளைவும் அவருக்கு ஒன்றுபோலவே படும். அதைவிட முக்கியம், அதை வடிவமைக்கும்போது அவர் எதை அளவுகோலாக வைத்தார் என்பது. ஃபெராரியையோ லம்போர்கினியையோ அவர் வைக்கவில்லை. 1990இல் விற்பனைக்கு வந்த, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் அலுமினிய உடலும் கொண்ட ஹோண்டா என்எஸ்எக்ஸை வைத்தார். தாம் கட்டப்போகும் வண்டியின் பாதிச் சக்திகூட இல்லாத ஒன்றை, அதன் ஓட்டச் சுகத்துக்கும் கையோடு பேசும் விதத்துக்கும் அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு தெளிவான மனம்! பிற்காலத்தில் தம் சொந்த நிறுவனத்தில் அவர் கட்டிய டி.50, பன்னிரண்டு சிலிண்டரும் நிமிடத்துக்கு 12,100 சுழற்சியும் இருந்தும், 986 கிலோவில் நின்றது. இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு நடுவே அதைச் செய்தார்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியோடு உடலைத் திருப்பினால், திரும்பத் தொடங்குவதும் தாமதம், திரும்பியபின் நிறுத்துவதும் பாடு. அதே எடையை மார்போடு அணைத்துக்கொண்டால் உடல் நினைத்த கணத்தில் திரும்பும். எஞ்சினை இரு அச்சுகளுக்கும் நடுவில் வைப்பதன் பயன் இதுதான். எம்எக்ஸ்-5இல் எஞ்சின் முன்னால் இருந்தாலும் முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப்பாதி. போர்ஷே 911 மட்டும் எஞ்சினைப் பின் அச்சுக்கும் அப்பால் தொங்கவிட்டு இந்த இலக்கணத்தை மீறுகிறது. அதை வசப்படுத்த அவர்கள் அறுபது ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள், அந்த மீறலிலேயே அதற்கென ஒரு சுவையும் பிறந்திருக்கிறது.

டயரைப் பற்றி இங்கே ஊரில் ஒரு பெருந்தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வண்டி வாங்கிய மறுநாளே அகலமான டயரும் பெரிய ரிம்மும் மாட்டுவது நம் இளைஞர்களின் வழக்கம். பிடிமானம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். பிடிமானம் கூடக்கூட எல்லை தொலைவுக்குப் போகிறது. அதோடு எல்லையின் அருகே மட்டுமே கிடைக்கும் பேச்சும் தொலைவுக்குப் போகிறது. இதை நன்கு உணர்ந்து செய்த துணிவான முடிவு டொயோட்டாவுடையது. 2012இல் வந்த 86 என்ற காருக்கு, அதன் தலைமைப் பொறியியலாளர் டெட்சுயா டாடாவின் குழு, பெட்ரோலைச் சிக்கனப்படுத்தும் பிரியஸ் காரிலும் பயன்பட்ட 215 மில்லிமீட்டர் அகல மிஷ்லின் பிரைமசி டயரைத் தேர்ந்தது. சாதாரண வேகத்திலேயே வண்டி இலேசாக நழுவ வேண்டும், நழுவுவதை ஓட்டுபவர் உணர வேண்டும், உணர்ந்து திருத்த வேண்டும் என்பதே நோக்கம். அப்போது பல விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். என் பார்வையில் இந்த நூற்றாண்டில் ஒரு பெரிய நிறுவனம் எடுத்த மிகத் தெளிவான முடிவுகளில் அது ஒன்று.

அதேபோல விறைப்பும். சாட்ஸ்வொர்த் வீதிகளில் ஸ்பிரிங்கின் சுருளை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. தோற்றத்துக்காகச் செய்கிறார்கள், ஆனால் சக்கரம் மேலும் கீழும் அசைய இடமே இல்லாமல் போவதால், பள்ளம் வந்தால் டயர் தரையை விட்டுத் துள்ளுகிறது. தரையைத் தொடாத டயர் என்ன பேசும்? நம் க்வாசுலு-நடால் மாகாணத்தின் மாவட்டச் சாலைகள் மழைக்காலத்துக்குப் பின் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே நல்ல ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உடல் விறைப்பாகவும் ஸ்பிரிங் இணக்கமாகவும் இருக்க வேண்டும். லோட்டஸ் காலங்காலமாகப் பின்பற்றிய வழியும் அதுவே. வளைவில் வண்டி கொஞ்சம் சாய்ந்தால் தவறில்லை. எவ்வளவு பாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சாய்வும் சொல்கிறது.

எஞ்சினைப் பற்றி நான் கடைசியில் எழுதுவது வேண்டுமென்றுதான். எனக்கு வேண்டியது காலின் அசைவுக்குக் கால அவகாசமின்றிக் கிடைக்கும் பதில். பெரிய டர்போ எஞ்சினில் கால் கேட்ட பிறகு காற்றழுத்தம் சேர ஒரு கணம் ஆகும். வளைவின் நடுவில் ஒரு நூல் அளவைப் பற்றிப் பேசுகிறபோது அந்த ஒரு கணம் பெரிது. எம்எக்ஸ்-5இல் கியர் பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் விறைப்பாகப் பிணைத்திருக்கிறார்கள். காலின் அசைவு ரப்பர்களுக்குள் அமிழ்ந்துபோகாமல் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. விளம்பரத்தில் இடம்பெறாத இந்தச் சட்டம், என்னைப் பொறுத்தவரை, அந்த வண்டியின் குணத்தில் பாதி. ஒலியைப் பொறுத்தவரை, எஞ்சினிலிருந்து வருவது தகவல். 2011இன் எம்5 போல ஸ்பீக்கர் வழியே சேர்ப்பது அலங்காரம்.

கதவுகள் எத்தனை, இருக்கைகள் எத்தனை என்பது ஒரு பொருட்டே அன்று. கேப்டவுனில் 1958இல் கண்ணாடியிழை உடலோடு பிறந்த ஜிஎஸ்எம் டார்ட் சிறிய ஃபோர்டு எஞ்சினோடு ஓடியது. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. ஆனால் நகர்ப்புறக் குடியிருப்புகளில் குஷேஷே என்று கொண்டாடப்படும் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்? உள்நாட்டு உற்பத்திக் கார் பந்தயத்தில் ஓப்பல் கடெட் சூப்பர்பாஸை எதிர்கொள்ள 1990களின் தொடக்கத்தில் இங்கே மட்டும் கட்டப்பட்டது அது. நான்கு பேர் அமரலாம், பெட்டி வைக்க இடமுண்டு, வடிவம் ஒரு சாதாரண செடானின் இரண்டு கதவு வடிவம். நன்கு பேணப்பட்ட ஒன்றை, நண்பர் ஒருவரின் தயவால், இதே ஆர்103 சாலையில் ஓட்டியிருக்கிறேன். டர்போ இல்லாத 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பது ஒவ்வொரு மீட்டரிலும் தெரிந்தது. இன்று இரண்டு இருக்கையும் தாழ்ந்த கூரையும் கொண்டு பல மில்லியன் ராண்டுக்கு விற்கும் பல வண்டிகளைவிட அதுவே உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

கையால் மாற்றும் கியர் கட்டாயமா என்று என்னிடம் கேட்பவர்கள் நான் ஆம் என்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். பிரேக்கை விரலடியால் அழுத்திக்கொண்டே குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, சுழற்சியைப் பொருத்தி, கியரைக் குறைப்பது ஓட்டுதலின் தனி இன்பம். ஆனாலும் அதைக் கட்டாயமாக்க மாட்டேன். ஃபெராரி 458, ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள துடுப்புகளை விரலால் தட்டி மாற்றும் கியரோடு மட்டுமே வந்தது. அதை யாரும் தள்ளிவைக்க முடியாது. மின்சார வண்டிகளையும் இதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும். காலுக்கு உடனடிப் பதில் தருவதில் மின்மோட்டாரை மிஞ்ச எதுவும் இல்லை. தடை, பேட்டரியின் எடை. ஹியூண்டாயின் அயோனிக் 5 N என்ற மின்சார வண்டி கியர் மாறுவதைப் போலப் பாவனை செய்கிறது, ஒலியும் எழுப்புகிறது, ஆனால் 2,200 கிலோ. பேட்டரி இலேசானால் என் கருத்து மாற எந்தத் தடையும் இல்லை.

அக்கா மகன் இப்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிற்கிறான். ஒன்று பழைய ஜெர்மன் டர்போ செடான். மற்றொன்று டொயோட்டா ஜிஆர்86, 2.4 லிட்டர், டர்போ இல்லை. அவன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான் என்பதால் எண்கள் எல்லாம் முதல் வண்டியின் பக்கம்தான் நிற்கின்றன. ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலைக்குப் போகாதே, விற்பவரைக் கேட்டுக்கொண்டு வளைவுள்ள ஒரு சிறிய சாலைக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன். ஸ்போர்ட் என்று எழுதிய பொத்தானைத் தொடாதே, ரேடியோவை அணைத்துவிடு, 60ஐத் தாண்டாதே, பிரேக்கை விட்டுக்கொண்டே திரும்பிப் பார், கையில் கனம் எப்போது சேர்கிறது, பின்பகுதி எப்போது தொடர்கிறது என்பதை மட்டும் கவனி. பிடிமானம் குறைந்த பழைய டயர்கள் மாட்டியிருந்தாலும் கவலைப்படாதே. டயரை மாற்றலாம், எடையை மாற்ற முடியாது. இந்தச் சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு ஜிஆர்86 விலைக்கு இருப்பதாகச் சொன்னான்; அன்று நானும் கூடப் போகிறேன்.